முழங்கால் தண்ணீர்

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போதெல்லாம் நாம் எங்கே கிளம்பினாலும் கூட ஒரு ஆள் வருகிறது. பேங்குக்குப் போனால் வருகிறது, சர்ச்சுக்குப் போனால் வருகிறது, தெருமுனையில் கொத்தமல்லி வாங்கப் போனால்கூட, "இருங்க, நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறது. பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்குள் ஒரு காவலும் இருக்கிறது பாருங்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் மூன்றாம் வகுப்பு படித்தபோது நானே ஒரு மனிதருக்குக் காவல் போனவள். அந்த மனிதர் என் அப்பா.

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல இப்போது தெம்பில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் என் அண்ணன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். மார்கழி பிறந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், "இந்தப் பக்கத்துல எந்தக் கண்மாய் ரொம்ப ஆழம்?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் ஆழமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் திரிந்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? அம்மாவும் அதைத்தான் நினைத்தாள். வாய்விட்டுக் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டால், இல்லாத எண்ணம்கூட வந்துவிடுமோ என்று பயம். அதனால் என்னைக் கூட அனுப்பினாள்.

"அப்பாவைத் தனியா விட்றாத. அவரு தெப்பத்துல தண்ணிக்குள்ள போனா நீயும் கூட ஏறிக்க. எறங்குன்னு சொன்னா அழுதுரு."

அழுவது எனக்குக் கைவந்த கலை. இதைவிடச் சுலபமான வேலை யாருக்குக் கிடைக்கும்? அப்பா ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்தேன்.

மதுரைக்கு மேற்கே ஒரு மிஷன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே எங்கள் வீடு. அப்பா பெரிய வகுப்புகளுக்குப் புவியியல் வாத்தியார். அம்மா அதே வளாகத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். அவள் கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். அண்ணன் ஆறாம் வகுப்பு. நிறையக் கேள்வி கேட்பான், கேட்டதையே திரும்பக் கேட்பான், எனக்கு எரிச்சலாக வரும். அவன் போன பிறகு அந்த வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை. நான் அவ்வளவு கெட்டிக்காரி கிடையாது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலில் ஸ்டார் கட்டவில்லை. கேரல் பாட வந்தவர்கள் எங்கள் கேட்டுக்கு வந்ததும் டிரம்மை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள். அம்மா உள்ளே தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மிஷினில் துணியே இல்லை. அப்பா மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். மதுரைக்கு மேற்கே வாடிப்பட்டி, சோழவந்தான் வரைக்கும் சின்னதும் பெரிதுமாக நீலநிறத் திட்டுகள். அத்தனையும் கண்மாய்.

"எல்லாத்துக்கும் பரப்பு போட்ருக்கான். ஆழம் போடல" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனபோதுகூட வாயைத் திறக்காத மனிதர், அன்றைக்கு அதைத்தான் பேசினார்.

அவர் செய்த படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் படகு என்று சொன்னால் படகு கோபித்துக்கொள்ளும். இரண்டு பழைய லாரி ட்யூப். பஞ்சர் கடைக்காரர் அவற்றில் சைக்கிள் வால்வை வைத்து ஒட்டிக்கொடுத்தார். அந்த ட்யூப்களின் மேலே பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட சின்னக் கரும்பலகை ஒன்றைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் தெப்பம் தயார். துடுப்புக்குத் தென்னைமட்டை. ஊர் போய்ச் சேரும்வரை ட்யூப் இரண்டும் காற்றில்லாமல் மடிந்து ஹேண்டில்பாரில் தொங்கும். பலகை பின்னால் கேரியரில் நிமிர்ந்து நிற்கும். கண்மாய்க் கரையில் இறங்கி சைக்கிள் பம்ப்பால் லாரி ட்யூபுக்குக் காற்றடிப்பார். ஒரு யுகம் ஆகும். அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் அடித்துக் கொடுத்துவிடும்.

ஆழம் பார்ப்பதற்கு ஒரு கயிறு. அதன் நுனியில் பழைய எடைக்கல். அப்பா இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்துக்கு ஒரு இடம் என்று கயிற்றில் பச்சைத் துணிக் கிழிசல்களை முடிந்திருந்தார். கல் தரையைத் தொட்டதும் தண்ணீருக்குள் எத்தனை பச்சை போயிருக்கிறது என்று பார்த்து, ஒரு ஆள், இரண்டு ஆள் என்று சாக்பீஸால் பலகையிலேயே எழுதுவார். நாங்கள் கரைக்குத் திரும்புவதற்குள் அலையடித்து அது அழிந்துவிடும்.

அந்தப் பச்சைத் துணி அண்ணனுடைய போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் சட்டை. வளருகிற பிள்ளை என்று அம்மா கொஞ்சம் பெரிதாகவே தைத்திருந்தாள். பெட்டியில் அது இல்லை என்று தெரிந்த அன்று, அம்மா கயிற்றைக் கையில் எடுத்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அது இருந்த இடத்திலேயே வைத்தாள். இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்றைக்கு முடிவுக்கு வந்தேன் என்று ரொம்ப காலம் கழித்துச் சொன்னாள்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் கண்மாயின் ஆழத்தை அவர்கள் ஒருபோதும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் கேட்டால், "யானை எறங்குனா முங்கும்" என்பார்கள். ஆபீசர் கேட்டால், "எல்லாம் மேடு தட்டிப்போச்சு, முழங்கா தண்ணிதேன் நிக்கிது" என்பார்கள். முழங்கால் என்று சொன்னால்தான் தூர்வார ஆர்டர் வரும். அப்பாவோ கண்ணாடி போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கயிறும் பலகையுமாகப் போய் நின்றார். அவரை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

முதல் ஊரிலேயே இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். "முழங்கா தண்ணிதேன் சார். நல்லாப் பாத்து எழுதிப் போடுங்க" என்றார் ஒருவர். அப்பா தெப்பத்தில் போய்க் கயிற்றை விட்டார். இரண்டு பச்சை உள்ளே போனது. திரும்பி வந்து, "ரெண்டு ஆள் ஆழம் இருக்கே?" என்றார்.

"அது சார் எருமை படுத்த குழியா இருக்கும்."

"இம்புட்டு ஆழத்துக்கா எருமை படுக்கும்?"

"எங்க ஊரு எருமை பெருசு சார்."

அப்பா சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன், அப்பா சிரித்தார் என்று. அவள் நம்பவில்லை. சாகத் துணிந்தவர்கள் சில சமயம் லேசாகிவிடுவார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஊரில் இப்படி எதையாவது சொல்லிவைக்க ஒரு ஆள் இருக்கத்தானே செய்கிறது.

அந்த விடுமுறை முழுக்க அப்படித்தான் போனது. காலையில் பனி, வழியெல்லாம் நெல் வாசனை, கரைமேல் ஏறினால் கண்ணைக் கூசும் தண்ணீர். தெப்பத்தில் எனக்கு அவருக்கு எதிரே உட்கார இடம். ஈரப் பலகை பாவாடையில் கரியாக ஒட்டும். ஒவ்வொரு தடவையும் அப்பா, "நீ கரையில இரு தாயி" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் அழுவேன். "சரி, ஏறித் தொலை" என்று தூக்கி உட்கார வைப்பார். எனக்கு நீச்சல் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்தபிறகு சனிக்கிழமைகளில் மட்டும்தான் போனோம். அதற்கு நடுவே ஒரு வேலை நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தயிர்சோறு பிசைந்த கையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தையல் வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை, கழுத்தில் டேப் ஆடிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். ரோட்டில் அப்பா சைக்கிளில் கொஞ்ச தூரம் போயிருந்தார். அம்மா கூப்பிடவில்லை. ஓடிப்போய்ச் சைக்கிளை மறித்து, என்னைத் தூக்கிப் பாரில் வைத்தாள்.

"இவளும் வாராளாம்" என்றாள். மூச்சு வாங்கியது.

"ஸ்கூல் இருக்கே."

"லீவு சொல்லிக்கிறேன்."

அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. சைக்கிளை மிதித்தார். எனக்குக் கை பிசுபிசுவென்று இருந்தது, எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்தே வைத்திருந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா, பலகையக் காணோம். மறந்துட்டீங்களா?"

கேரியரில் பலகை இல்லை. ட்யூப் இல்லை. கயிறும் இல்லை.

"ஆமா" என்றார் அப்பா. "மறந்துட்டேன்."

கூட்ஸ் வண்டி ரொம்ப நேரமாகப் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்து எல்லோரும் போனார்கள், நாங்கள் போகவில்லை. அப்பா என் கையைப் பார்த்தார். தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டார். "ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். நல்ல சூடு, சுக்கு வாசனை. அவர் தனது டம்ளரிலும் பாதியை எனக்கே ஊற்றினார். பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள், வகுப்புக்குப் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா தன் தம்பியை, அதாவது என் மாமாவைப் போய்ப் பார்த்திருக்கிறாள். மாமா வாடிப்பட்டித் தடத்தில் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். தங்கமான மனுஷன், ஆனால் வாய் ஓயாது. சோழவந்தான் வெற்றிலைக் கூடைக்காரிகள் முதல் வாடிப்பட்டி வாழைக்காய் வியாபாரிகள் வரை அத்தனை பேருக்கும் அவர் மருமகன், அத்தனை பேரும் அவருக்கு மாமியார். அக்கா அழுததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? தடம் பூராவும் ஒவ்வொரு டீக்கடையிலும் சொல்லிவைத்துவிட்டார். கண்ணாடி போட்ட ஒல்லியான வாத்தியார் ஒருவர் வருவார், சைக்கிளில் கரும்பலகை இருக்கும், முன்னால் ஒரு பொட்டப்பிள்ளை இருக்கும், எங்கள் மச்சான்தான், பிள்ளையைப் பறிகொடுத்தவர், எந்தக் கண்மாய் ஆழம் என்று கேட்டால் முழங்கால் தண்ணீர் என்று சொல்லிவிடுங்கள், என்று.

அதன்பிறகு நாங்கள் போன ஊரிலெல்லாம் முழங்கால்தான். ஆபீசர் என்று நினைத்துச் சொன்னவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். இவர்கள் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்கள். கரை ததும்ப நிற்கிறது, மிச்சத் தண்ணீர் மறுகாலில் விழுகிற சத்தம் காதை அடைக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "முழங்கா அளவுதேன் சார்" என்றார் ஒரு பெரியவர். இன்னொரு ஊரில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து, என் கன்னத்தைத் தடவி, "இதுல ஒண்ணுமே இல்ல சார், வீட்டுக்குப் போயிருங்க. பிள்ளைக்கு வெயிலு" என்று சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஊரில் எங்களைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள்.

"ஏன் எல்லாரும் ஒரே பொய்யச் சொல்றாங்கெ?" என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியாகப் போன கண்மாய் வாடிப்பட்டிப் பக்கம். தூரம் என்பதால் சைக்கிளை மாமா பஸ்ஸின் மேலேயே ஏற்றிவிட்டோம். மாமா வழியெல்லாம் பேசவே இல்லை. அதுவே விசித்திரம். நாங்கள் இறங்கும்போது மட்டும், "மச்சான், திரும்பி வரையில இதே வண்டிதேன். இங்கனயே நில்லுங்க" என்றார்.

ரோட்டை ஒட்டியே கரை. கண்மாயில் எப்போதும் கரையோரம்தான் ஆழம், அதிலும் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு முன்னால் பெரிய பள்ளம் இருக்கும். அப்பா நேரே அங்கேதான் தெப்பத்தைக் கொண்டுபோனார். நான் வழக்கம்போல் அழுது ஏறியிருந்தேன். கயிற்றை விட்டார். ஒரு பச்சை போனது. இரண்டு போனது. மூன்றும் போய், கயிறு இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்பா கயிற்றின் மேல்நுனியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு குனிந்து தண்ணீரையே பார்த்தார். முகம் தண்ணீரைத் தொடுகிற மாதிரி குனிந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் மாமா பஸ் திரும்பி வந்தது. மேலிருந்து பார்த்த மாமாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்மாய்க்குள் பலகை, பலகையில் குனிந்த மச்சான், பக்கத்தில் நான். நீளமாக ஒரு விசில். பஸ் நின்றது. மாமா கரைமேல் ஓடிவந்தார், மறுபடியும் விசில் ஊதினார். அப்பாவும் பஸ் மாதிரி நின்றுவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ. அவருக்குப் பின்னால் டிரைவர், அவருக்குப் பின்னால் பஸ்ஸில் இருந்த அத்தனை சனமும் இறங்கிவந்து கரைமேல் வரிசையாக நின்றது.

"மச்சான், வேணாம். பிள்ளை இருக்கு கூட" என்று மாமா கத்தினார்.

"எதுடா வேணாம்?" என்றார் அப்பா.

"அப்படியே இருங்க. நான் வாரேன். முழங்கா தண்ணிதேன், நான் வாரேன்."

அத்தனை டீக்கடையிலும் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது போல. தோளில் டிக்கெட் பையோடு, காக்கி உடுப்போடு, மடைப் படியில் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் மாமாவைக் காணவில்லை. தோல்பை மட்டும் மேலே வந்து சுற்றியது. மாமாவுக்கும் நீச்சல் தெரியாது.

அப்பா என்னைப் பார்த்தார். குதித்தால் நான் பலகையில் தனியாக இருப்பேன், தெப்பம் சாய்ந்துவிடும். தண்ணீருக்குள் இருந்த கயிற்றை மளமளவென்று மேலே இழுத்து, ஒரு நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு, மாமாவின் தலை மேலே வந்த இடத்துக்கு வீசினார். "பிடிறா மாப்ள, பிடி" என்றார். மாமாவின் கையில் பச்சைத் துணி சிக்கியது. அப்பா இழுத்தார். கரையிலிருந்து இரண்டு பேர் குதித்து மாமாவை அக்குளில் பிடித்துத் தூக்கினார்கள், தெப்பத்தையும் கரைக்கு இழுத்தார்கள். அந்த இழுப்பில் அப்பாவும் தொப்பலாக நனைந்துவிட்டார். யாரும் சொல்லாமலே நான் அழுதுகொண்டிருந்தேன்.

கரையில் உட்கார வைத்ததும் மாமா நிறையத் தண்ணீரைக் கக்கினார். அப்பா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "எதுக்குடா எறங்குன?" என்று கேட்டார். மாமா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெற்றிலைக் கூடையோடு நின்ற ஒரு அம்மாதான் போட்டு உடைத்தது.

"சாமி, நீங்க சாகத்தேன் ஆழம் தேடுறீகன்னு இந்தத் தடத்துல அம்புட்டுப் பேருக்கும் தெரியும். ஒங்க வீட்டம்மா அழுது சொல்லியிருக்கு. அதேன் எல்லாரும் முழங்கா, முழங்கான்னு சொன்னோம்."

"நானா?" என்றார் அப்பா. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. நான் எதற்காகச் சைக்கிளில் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரச் சட்டையில் துடைத்தால் எப்படிப் போகும்? துடைத்துக்கொண்டே பேசினார்.

"எம்மகன் கேட்டான். போன வருஷம். மேப்பப் பாத்துட்டு, 'இதுல எதுப்பா ரொம்ப ஆழம்'னு கேட்டான். நான் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். அப்புறம் பாக்கலாம்டான்னேன். மறுபடியும் கேட்டான். போய்ப் படிறான்னு வெரட்டி விட்டேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வாத்தியாருங்க நான். அம்புட்டுப் பேரு பிள்ளைக்கும் பதில் சொல்றேன்."

அந்த ஊர்க்காரர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து அப்பாவிடம் துவட்டக் கொடுத்தார்.

"மூணு ஆளு தாழும் சார். மடைக்கு முன்னாடி நாலு. இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க கண்மாய்தேன் ஆழம். கண்டக்டரு சொல்லக்கூடாதுன்னாரு, அதேன் சொல்லல."

"நாலா?"

"நாலு சார். எங்க அய்யா காலத்துல இருந்து அதேன்."

பஸ் கிளம்ப வேண்டும். மாமா வழக்கப்படி விசிலை ஊதினார், தண்ணீர்தான் வந்தது. "ரைட்டா, இல்லையா?" என்று டிரைவர் கேட்டார். "போலாம் ரைட்" என்று கூட்டமே சொன்னது. தெப்பத்தை அங்கேயே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். கயிற்றை மட்டும் அப்பா மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அண்ணனுக்கு அப்போது சிலுவை மட்டும்தான், கல் கட்டவில்லை. அப்பா ஜெபம் செய்யவில்லை. "வாடிப்பட்டிப் பக்கம்டா. மடைக்கு முன்னாடி நாலு ஆளு" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு குடும்பத்தில் இது ஒரு சிரிப்புக் கதையாகிவிட்டது. கல்யாணம், ஞானஸ்நானம் என்று எங்கே கூடினாலும் மாமா முங்கியதை மாமாவே நடித்துக் காட்டுவார். அம்மாவின் அசட்டுத்தனம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். நல்ல மனுஷன் மகன் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் போனால், பெண்டாட்டி ஊரையே கூட்டிவிட்டாள் என்று. அப்பாவும் சிரிப்பார். அம்மாவும் கூடவே சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா நல்ல வயதுவரை இருந்து, காபி ஆறிப்போய்விட்டது என்று குறைசொல்லிவிட்டு, கட்டிலில்தான் போய்ச் சேர்ந்தார்.

அவரை அடக்கம் செய்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். எனக்கு அப்போது கோபம் இருந்தது. நானும் பிள்ளை பெற்றவள்தானே.

"நீச்சத் தெரியாத பிள்ளைய அந்தப் பலகையில ஏத்திவிட்ருக்கியேம்மா. நான் முங்கியிருந்தா?"

"நீ முங்க மாட்ட. நீ கூட இருந்தா அவரு முங்க மாட்டாரு."

"அவருதான் அதுக்குப் போகலையே. அண்ணன் கேட்டதுக்குல்ல போனாரு?"

"அதுக்கும்தேன் போனாரு."

பிறகு நான் சொன்னேன். "அன்னைக்கு ரயில்வே கேட்டுல நின்னப்ப, கேரியர்ல பலகை இல்லம்மா. கயிறும் இல்ல."

"தெரியும்" என்றாள் அம்மா. "அதப் பாத்துட்டுத்தேன் ஓடியாந்தேன்."

அத்தனை வருஷமும் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது தேடினாலும் கிடைக்க மாட்டேன் என்கிறது. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும்தானே.

போன வருஷம் என் வீட்டுக்காரர் காலமானார். திருநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். சாப்பாடு, மாத்திரை, டிவி, எதற்கும் குறைவில்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன என்று கேட்க ஆளில்லை, அதுதான். இந்த மழைக்காலம் முடிந்து ஒருநாள், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"எதுக்கும்மா?" என்றான் மகன்.

"சும்மாதான்டா."

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னான். "இருங்க, நானும் வாரேன்" என்றான்.

ரோடு அடையாளமே தெரியவில்லை. ஆனால் கரை இருந்தது, மடை இருந்தது, தண்ணீர் ததும்ப நின்றது. மறுகால் சத்தம் காருக்குள்ளேயே கேட்டது. கரைமேல் ஒருவர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக ஏறுவதற்குள் மகன் முன்னால் போய் அவரிடம் என்னவோ பேசினான். நான் மடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த மனிதர் என்னிடம் வந்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு எங்கோ பார்த்தார்.

"இது ஒண்ணுமில்லம்மா. முழங்கா தண்ணிதேன்" என்றார்.

நான் கேட்கவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையில் பலகை இல்லை, கயிறு இல்லை. இவ்வளவு தூரம் எதற்கு வந்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சும்மாதான் என்று எனக்கே பதில் சொல்ல வாய் வரவில்லை. மகன் என் பின்னாலேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"தம்பி, பருத்திப்பால் எங்கயாவது கெடைக்குமா?" என்று அவனைக் கேட்டேன்.

"இப்பவா? கெடைக்கும்மா. போற வழியில பாப்போம்."

"வாடா, குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்."

கரை இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வழக்கமாக, "விடு, எனக்கு நடக்கத் தெரியும்" என்று உதறிவிடுவேன். அன்றைக்குப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.